ஒரு வாசல், இரண்டு அடுப்பு

அந்த அறக்கட்டளைக்காரரை ஊரே தங்கமான மனுஷன் என்று சொல்லும். எனக்கு அவரைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். அவர் ஒருநாளும் கத்தியதில்லை, யாரையும் விரட்டியதில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, "என்னம்மா பண்றது, ரூல்ஸ்னு ஒண்ணு இருக்கே" என்பார். கத்துகிறவனிடம் திருப்பிக் கத்தலாம். இப்படிக் குழைகிறவரை என்ன செய்வது?

மாதத்துக்கு ஒரு சனிக்கிழமை அவர்கள் கூடத்தில் இன்சுலின் கொடுப்பார்கள். தெர்மாகோல் பெட்டிக்குள் ஐஸ் கட்டிகளுக்கு நடுவே மருந்துக் குப்பிகள் இருக்கும். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அறிவுரை. இனிப்பைக் குறைக்க வேண்டும், தினமும் நடக்க வேண்டும், மனசை லேசாக வைத்துக்கொள்ள வேண்டும். நாள் முழுக்க ஹோட்டல் சலவைக்கூடத்தில் நின்றுகொண்டே ஈரப் படுக்கை விரிப்புகளைப் பிரித்து இயந்திரத்துக்குள் விடுகிறவள் நான். என்னை நடக்கச் சொல்லுவார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். என் மகளிடம் அவர் சொல்வதைத்தான் பொறுக்க முடியாது. அவளுக்குப் பதின்மூன்று வயது. இனிப்புத் தின்று வந்த நோய் இல்லை அவளுடையது. அவள் உடம்பு இன்சுலின் சுரப்பதையே நிறுத்திவிட்டது, ஊசி இல்லாவிட்டால் ஒரு வாரம் தாங்கமாட்டாள். இதை நான் அவரிடம் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததுதான் மிச்சம். ஒவ்வொரு மாதமும் குப்பியை அவள் கையில் வைத்து, கன்னத்தைத் தட்டி, "சாக்லேட்டைக் குறைச்சுக்கணும் பாப்பா, சரியா?" என்பார். அவளும் "சரி அங்கிள்" என்பாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பேன். வாயைத் திறந்தால் மருந்து போய்விடும்.

மருந்து போனால் என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியும். இவர்கள் கொடுக்க ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு மழைக்காலத்தில் கடையில் வாங்கக் கட்டுப்படியாகாமல் அளவைக் குறைத்துக் குறைத்துப் போட்டோம். பள்ளிக்கூடத்தில் வாந்தி எடுத்து விழுந்துவிட்டாள். அள்ளிக்கொண்டு ஓடும்போது அவள் மூச்சில் அழுகிய பழ வாடை அடித்தது. இன்றைக்கும் பழக்கடையைத் தாண்டும்போது மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.

அதே கூடத்தில், எனக்கு நாலைந்து நாற்காலி தள்ளி, என் ஓர்ப்படியும் உட்கார்ந்திருப்பாள். என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி. அவளுக்கும் சர்க்கரை, அவளுக்கும் ஊசி. இருவரும் ஒரே வாசல் வழியாக வெளியே வந்து, தெருவின் இந்த ஓரமும் அந்த ஓரமுமாக நடந்து ஒரே வீட்டுக்குப் போய்ச் சேருவோம்.

வீடு ஒன்றுதான். மாமனார் கட்டியது. வாசலைத் தாண்டினால் ஒரு நடை, அதன் வலது பக்கம் எங்களுக்கு, இடது பக்கம் அவர்களுக்கு. நடுக்கூடத்தைப் பிளைவுட் பலகை வைத்து மறைத்திருக்கிறது. இரண்டு சமையலறைகளுக்கும் நடுவே ஒரு கதவு உண்டு. அதற்கு என் பக்கம் போல்ட் போட்டு, பீரோவை நகர்த்தி அடைத்தவள் நான். அண்ணனும் தம்பியும் ஒரே லாரியில் மாறி மாறி ஓட்டிக்கொண்டு, ஒரே தட்டில் சாப்பிட்டுக்கொண்டு ஊர் ஊராகப் போகிறார்கள். நாங்கள் இருவரும் மூன்று வருஷமாக முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

காரணம் சொல்லிவிடுகிறேன். மகளுக்கு நோய் என்று தெரிந்த அன்று, ஆஸ்பத்திரி வார்டில், அவள் கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு, வந்த சொந்தக்காரர்கள் அத்தனை பேர் காதிலும் விழுகிற மாதிரி ஓர்ப்படி சொன்னாள். "இந்தப் பொண்ண இனிமே யாரு கட்டிக்குவா? காலம் பூரா வீட்டோடதான்." குழந்தை தூங்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான். அடுத்த வருஷம் ஓர்ப்படிக்கே சர்க்கரை என்று தெரிந்தபோது, பலகைக்கு இந்தப் பக்கம் நின்று, "கடவுளுக்குக் கண்ணு இருக்கு" என்று நானும் உரக்கச் சொன்னேன். சொன்னது சொன்னதுதான், அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை.

அவள் பக்கம் ஒரு பிரிட்ஜ் இருக்கிறது. பலகைக்கு அந்தப் பக்கம் அது உறுமிக்கொண்டே இருக்கும். என் மகளின் மருந்தை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றுகிறேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டாலும் கொள்வேனே தவிர, மருந்தை உள்ளே வைக்கட்டுமா என்று அவளிடம் போய் நிற்கமாட்டேன்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் தங்கமான மனுஷனின் கண்ணில் எங்கள் கதவு எண் பட்டது.

"அம்மா, நீங்களும் அவங்களும் ஒரே வீடா?" என்று கூடத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"வாசல் ஒண்ணு. வீடு வேற."

"அப்படிச் சொன்னா எப்படிம்மா? ஒரு குடும்பத்துக்கு ஒருத்தருக்குத்தான் தர முடியும். சில பேரு ஒரே வீட்டுலேருந்து ரெண்டு பேரா வந்து வாங்கி, ஒண்ண வெளியில வித்துடறாங்க. உங்களைச் சொல்லலை."

"என்னைச் சொல்லலைன்னா ஏன் என்கிட்ட சொல்றீங்க?"

தலையைச் சாய்த்துச் சிரித்தார். "கோபப்படாதீங்க. புதன்கிழமை காலையில நானே நேர்ல வர்றேன். ரெண்டு அடுப்பு இருக்கணும். சும்மா அடுப்பைக் காட்டி ஏமாத்தறாங்க, அதனால ரெண்டுலயும் அன்னைக்குச் சமைச்சது பாத்திரத்தோட அப்படியே இருக்கணும். நடுவுல போக்குவரத்து இருக்கக் கூடாது. இருந்துச்சுன்னா ஒரே குடும்பம்தான். அப்ப வயசுல மூத்தவங்க பேருக்குத்தான் மருந்து."

மூத்தவள் என் ஓர்ப்படி. கூடமே அவளைத் திரும்பிப் பார்த்தது. அவள் மடியில் இருந்த பையின் வாரை இழுத்துச் சரிசெய்தாள்.

வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு அதே நினைப்பு. அவள் ஒன்றுமே செய்ய வேண்டாம். புதன்கிழமை அடுப்பைப் பற்றவைக்காமல் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும், ஒரே அடுப்பு, ஒரே குடும்பம் என்று எழுதிக்கொண்டு போய்விடுவார். அவளுக்கு மருந்து வந்துகொண்டே இருக்கும். என் மகளுக்கு நின்றுவிடும். ஆஸ்பத்திரியில் அப்படிப் பேசியவளுக்கு இது எம்மாத்திரம்?

"நான் வேணா பெரியம்மாகிட்ட போய்க் கேக்கட்டா?" என்றாள் மகள்.

"அந்த வாசப்படியை மிதிச்சே, காலை உடைச்சுருவேன்."

"கேட்டா சமைக்க மாட்டேன்னா சொல்லப்போறாங்க?"

"சொல்லுவா. சொல்லிட்டுச் சிரிப்பா. அந்தச் சிரிப்பை நான் பாக்க வேண்டாம்."

புதன்கிழமை லாரி எங்கேயோ தூரத்தில் இருந்தது. சலவைக்கூடத்து மேஸ்திரியிடம் அரைநாள் கெஞ்சி வாங்கிக்கொண்டு வீட்டில் இருந்தேன், மகளையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பவில்லை. விடிந்ததும் முதல் வேலையாகப் பலகையில் காதை வைத்துக் கேட்டேன். அந்தப் பக்கம் பாத்திரம் உருள்கிற சத்தம், காய் நறுக்குகிற சத்தம், கொதிக்கிற சத்தம். சமைக்கிறாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. சமைத்து முடித்து, அவர் வருவதற்குள் தின்றுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைப்பாள் என்று நினைத்துக்கொண்டேன். அவளுடைய குணம் எனக்குத் தெரியாதா?

நானும் ஒரு பானை நிறையச் சமைத்து, தொடாமல் மூடி வைத்தேன். மகளுக்கு மட்டும் முன்னாலேயே தனியாக எடுத்து, ஊசி போட்டு, சாப்பிட வைத்துவிட்டேன். ஊசி போட்டால் சோறு உள்ளே போயே ஆக வேண்டும். போகாவிட்டால் சர்க்கரை கிடுகிடுவென்று இறங்கிவிடும். அது எங்கள் வீட்டில் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரிந்த பாடம்.

காலையில் வருகிறேன் என்றவர் வெயில் நடைக்குள் வந்த பிறகுதான் வந்தார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, "லேட்டாயிடுச்சு, மன்னிச்சுக்கணும்" என்றார். என் சமையலறையில் நின்று பானை மூடியைத் தூக்கிப் பார்த்தார். மூக்கைக் கிட்டே கொண்டுபோய் மோந்தும் பார்த்தார். ஊறப்போட்டிருந்த துணிவாளியை ஏன் பார்க்க வேண்டும்? அதையும் பார்த்தார்.

"அந்தப் பக்கம் போக வழி இருக்கா?"

"இல்லை."

"பீரோவுக்குப் பின்னாடி?"

"சுவர்."

நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். மகள் கொண்டுவந்து கொடுத்தாள். "சாக்லேட் சாப்பிடறதில்லைதானே?" என்றார். அவள் பதில் சொல்ல வாயைத் திறந்த நேரத்தில், பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு தட்டு விழுந்து உருண்டது. உருண்டு உருண்டு அதுவாக அடங்கியது. யாரும் எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் ஓர்ப்படி தனக்குத்தானே பேசுகிற சத்தம் கேட்டது. நாக்கு தடித்தவள் மாதிரி, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். நடுவில் சிரித்தாள்.

மகள் என்னைப் பார்த்தாள். "அம்மா, பெரியம்மாவுக்கு சுகர் லோ."

எனக்கும் தெரிந்துவிட்டது. என் மகள் வாயிலிருந்து அதே குழறலை எத்தனை தரம் கேட்டிருக்கிறேன்.

மகள் நடைக்கு ஓடினாள். கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, "உள்ள தாழ் போட்டிருக்கும்மா" என்றாள். தங்கமான மனுஷன் எழுந்து நின்று, "யாராவது டாக்டரைக் கூப்பிடலாமே" என்று சொல்லிவிட்டு, கைபேசியை எடுத்து, யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் அதையே தேய்த்துக்கொண்டிருந்தார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். பீரோவைத் தள்ளினால் கதவு தெரியும். கதவு தெரிந்தால் என் மகளுக்கு மருந்து கிடையாது. தள்ளாவிட்டால் இந்த வீட்டில் மருந்து வாங்க ஒரே ஒருத்திதான் மிஞ்சுவாள். மறைப்பானேன், அதையும்தான் நினைத்தேன். போகட்டும் என்றுகூட நினைத்தேன். அவள் சொன்ன வார்த்தைக்கு இது சரியாகப் போயிற்று என்று நினைத்தேன்.

அப்போது பேச்சு நின்றுவிட்டது.

அந்த நிசப்தம் எனக்குப் பழக்கமானது. எனக்கு வந்தது இரக்கம் இல்லை, ஆத்திரம். செத்தாலும் என் தலையில் பழியைப் போட்டுவிட்டுத்தான் சாவாள் இவள் என்று பொங்கிக்கொண்டு வந்தது. பீரோவில் தோளைக் கொடுத்தேன். மகளும் வந்து தள்ளினாள். தரையைக் கீறிக்கொண்டு அது நகர, பின்னால் பச்சைப் பெயிண்ட் அடித்த கதவு பளிச்சென்று தெரிந்தது. போல்ட் இறுகிப்போயிருந்தது. செருப்பைக் கழற்றி நாலு அடி அடித்துத் திறந்தேன். போகும்போதே சர்க்கரை டப்பாவைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

பிரிட்ஜில் சாய்ந்தபடி தரையில் கிடந்தாள். புடவை வேர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது, ஆனால் என்னைப் பார்க்கவில்லை. மகள் தன் பையிலிருந்து சர்க்கரை பார்க்கிற கருவியையும் ஸ்ட்ரிப்பையும் எடுத்து அவள் விரலைக் குத்தினாள். அளந்து அளந்து வைத்துக்கொள்கிற ஸ்ட்ரிப் அது. "முப்பத்தெட்டும்மா" என்றாள். அவளைப் பக்கவாட்டில் சாய்த்துத் தலையை மடியில் ஏந்திக்கொண்டு, ஈர விரலால் சர்க்கரையைத் தொட்டு ஈறில் தேய்த்தேன். நாக்கு அசைந்தது. மறுபடி தேய்த்தேன்.

"முழுங்குங்கக்கா. கொஞ்சம் முழுங்குங்க. அக்கா, இங்க பாருங்க."

மூன்று வருஷமாக வாயில் வராத சொல். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

தலையை நிமிர்த்தியபோதுதான் அவள் அடுப்பு கண்ணில் பட்டது. பானை மூடியிருந்தது. மகள் தட்டை எடுக்க அந்தப் பக்கம் போனவள் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "அம்மா, இவங்க சாப்பிடவே இல்லை" என்றாள். பானை விளிம்புவரை நிறைந்திருந்தது, ஒரு கரண்டிகூட எடுத்த சுவடு இல்லை. ஊசியைப் போட்டுக்கொண்டு, அவர் வந்து பார்க்கும்வரை பானை குறையக் கூடாது என்று வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருக்கிறாள். அடுப்பைப் பற்றவைக்காமலே இருந்தாலும் அவளுக்கு மருந்து நிற்காது. அவளுக்கு எதற்கு அந்தப் பானை?

கதவருகில் தங்கமான மனுஷன் நின்றிருந்தார். தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

"அக்கான்னு கூப்பிடறீங்க. கதவும் இருக்கு. மனசுக்கு சந்தோஷமா இருக்கும்மா, உண்மையாவே. இப்படித்தான் ஒத்துமையா இருக்கணும்." அப்புறம் குரலை இன்னும் தாழ்த்தினார். "ஆனா ஒரே குடும்பம்னு நல்லாத் தெரியுது. பாப்பா பேரை எடுத்துட வேண்டியதுதான். என்ன பண்றது, ரூல்ஸ்னு..."

என் மடியில் கிடந்த தலை அசைந்தது. ஓர்ப்படியின் கண் என் முகத்தில் நின்றது. பிறகு திறந்து கிடந்த கதவுக்குப் போனது, பிறகு அவரிடம் போனது. பிறகு இரண்டு கையாலும் என்னைப் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

"யாருடி உன்னை உள்ள விட்டது?"

நான் பின்பக்கமாக உட்கார்ந்துவிட்டேன்.

"என்னத்தடி என் வாயில அடைச்சே? மூணு வருஷமா இதுக்குத்தானே காத்துக்கிட்டு இருந்தே, எப்படா கதவை ஒடைக்கலாம்னு. என் பாத்திரத்துமேல கண்ணு, என் பிரிட்ஜுமேல கண்ணு. சலவைக்காரி கையை என் மேல வைக்கிறியா?" குரல் இன்னும் குழறிக்கொண்டுதான் இருந்தது, ஆனால் தெரு முனைவரை கேட்டிருக்கும். பிரிட்ஜைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "சார், எழுதிக்குங்க. இவளுக்கும் எனக்கும் எந்த ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இவ சமைச்சதை நான் நாய்க்குக்கூடப் போட மாட்டேன்."

உயிரைக் காப்பாற்றியவளுக்கு இதுவா கூலி என்று எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "உன்னை அப்படியே சாக விட்டிருக்கணும்டி" என்றேன். அவளை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. "நாலு வீட்டுக்குக் கேக்கற மாதிரி வாயி. அந்த வாய்க்குச் சர்க்கரை போட்டேன் பாரு, என்னைச் சொல்லணும்."

"போடுடி, என்ன வேணா போடு. உன் சர்க்கரையும் விஷம்தான்."

அடுப்பு மேடையில் இருந்த கரண்டி பறந்து வந்தது. என் மேல் படவில்லை, கதவு நிலையில் பட்டு, தங்கமான மனுஷனின் காலடியில் விழுந்தது. அவர் முகத்தில் ஈயாடவில்லை. "அம்மா, அம்மா, ரெண்டு பேரும் கொஞ்சம்..." என்றபடி பின்னால் நகர்ந்து, என் துணிவாளியில் காலை விட்டுவிட்டார். நாங்கள் அவரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. என் பிறந்த வீட்டை இழுத்தாள். நான் அவள் தங்கை ஓடிப்போனதை எடுத்தேன். என் சமையலை, என் நடையை, என் பல்வரிசையை, ஒன்றையும் அவள் விடவில்லை.

"ரெண்டு குடும்பம்தான், ரெண்டு குடும்பம்னே எழுதிடறேன்" என்று நடையிலிருந்து அவர் குரல் கேட்டது. ஒரு கால் ஈரமாக, வாசலைத் தாண்டிப் போனார். வழக்கமான "வரட்டுமா" கூட இல்லை.

அவர் போன பிறகும் அவள் கொஞ்ச நேரம் திட்டிக்கொண்டிருந்தாள். பிறகு மூச்சு வாங்கி, முக்காலியில் உட்கார்ந்தாள். மகள் தட்டில் சோறு போட்டு அவள் முன்னால் வைத்தாள். அவள் மகள் முகத்தைப் பார்க்காமல், குனிந்து தின்ன ஆரம்பித்தாள்.

அவள் திட்டியது நடிப்பா நிஜமா என்று என்னைக் கேட்டால் எனக்குத் தெரியாது. நடிக்கிற சாமர்த்தியம் அவளுக்கு இருந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. என் ஏழு தலைமுறையை இழுத்தவள், ஆஸ்பத்திரியில் சொன்ன அந்த ஒரு வார்த்தையை எடுக்கவில்லை. அவள் வாயைத் திறந்த நிமிஷத்திலிருந்து அதற்குத்தான் நான் காத்திருந்தேன். குழந்தை அங்கேயே, கையில் அந்த ஸ்ட்ரிப்போடு நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பற்றி ஒரு எழுத்து வரவில்லை.

கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கம் வந்து, பீரோவைப் பழைய இடத்துக்குத் தள்ளினேன். போல்ட்டைப் போடவில்லை. அது வளைந்துபோயிருந்தது, அவ்வளவுதான். சர்க்கரை டப்பா அங்கேயே தங்கிவிட்டது. அவள் திருப்பித் தரவில்லை, நானும் கேட்டு வாங்கவில்லை.

அடுத்த மாதச் சனிக்கிழமை கூடத்தில் இரண்டு பேருக்கும் மருந்து வந்தது. தங்கமான மனுஷன் எங்களை இரண்டு கோடியில் உட்காரவைத்து, நடுவில் வேறு ஆட்களைப் போட்டிருந்தார். தெருவில் இன்றைக்கும் இந்த ஓரம் நான், அந்த ஓரம் அவள். பேச்சுவார்த்தை கிடையாது.

காலையில் மட்டும், அவள் ஊசி போடுகிற நேரம் கழித்து, பலகைக்கு அந்தப் பக்கம் தட்டுச் சத்தம் வர வேண்டும். வராவிட்டால் கரண்டிக் காம்பால் பலகையில் ஓங்கி அடிப்பேன்.

"தின்னு தொலைச்சாச்சா, இல்லையா?"

"உன் ஆசை நடக்காது, இன்னும் சாகலை, போடி" என்று பதில் வரும். அதைக் கேட்ட பிறகுதான் நான் செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குக் கிளம்புவேன்.